தெரியவில்லை என்றுதான் எழுதியிருந்தது

எங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில் ஒரு மஞ்சள் பை கிடக்கிறது. மேட்டுப்பாளையத்து ஜவுளிக்கடைப் பை. உள்ளே என் மாமாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள்: மூன்று ஸ்கேன் ரிப்போர்ட், ஒரு சி.டி. பிலிம், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஒரு கொத்து, இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி. மாமாவுக்கு ஒரே மகள், கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள். அதனால் அலைச்சலும் காகிதமும் என்னிடமே வந்து சேர்ந்தன. பொங்கலுக்கு வீட்டை ஒதுங்கவைக்கும்போதெல்லாம் "இதத் தூக்கிப் போட்டுறலாமா?" என்று என் மனைவி கேட்பாள். நான் பையை வாங்கித் தூசு தட்டி, மூன்று ரிப்போர்ட்டையும் வெளியே எடுத்து, மூன்றிலும் ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு மறுபடி மேலேயே வைத்துவிடுவேன்.

அந்த வரி இது: "பேன்கிரியாஸ் அண்ட் டிஸ்டல் சி.பி.டி. அப்ஸ்க்யூர்டு பை பவல் கேஸ்." கணையமும் பித்தநாளத்தின் கீழ்முனையும் குடல் வாயுவால் மறைந்திருக்கின்றன. அதாவது, தெரியவில்லை. மூன்று முறை, மூன்று தேதிகளில், இரண்டு வெவ்வேறு ஸ்கேன் சென்டர்களில், யாரோ ஒருவர் இருட்டறையில் உட்கார்ந்து பார்த்து "எனக்கு இந்த இடம் தெரியவில்லை" என்று நேர்மையாக டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார். நான் குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்த மூன்று தாள்களையும் முதலில் வாங்கிப் படித்தவனும் நான்தான். கடைசியில் தடித்த எழுத்தில் 'இம்ப்ரெஷன்' என்று போட்டிருக்குமே, அந்த இரண்டு வரியை மட்டும் படித்து, "பித்தப்பையில கல்லு கில்லு எதுவும் இல்லையாம் அத்தை, நார்மல்தான்" என்று சொன்னேன். மூன்று முறையும் அப்படித்தான் சொன்னேன்.

### கேஸ்தான்

மாமா சேலாஸ் பக்கம், விவசாயிகளிடம் தேயிலைக் கொழுந்தை விலைக்கு வாங்கித் தூளாக்கும் ஒரு பாட்லீஃப் ஃபேக்டரியில் 34 வருஷம் ஃபிட்டர். கொழுந்தை நசுக்கும் சி.டி.சி. ரோலர், டிரையர், வதக்கல் மேடையில் ஓடும் ராட்சத மின்விசிறி என எது நின்றாலும் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள் வரும், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போவார். ஒரு காலத்தில் சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் நேரே வீட்டுக்கு வரமாட்டார். அது ஊருக்கே தெரிந்த விஷயம். 2001-இல் மகளின் சீர் அன்று மைத்துனர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பந்தலில் தடுமாறி விழுந்தார். அதோடு விட்டார். டாஸ்மாக் 2003-இல் சில்லறைக் கடைகளைத் திறந்தபோது மாமா அவர்களுடைய வாடிக்கையாளராக இல்லை. இதை நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு, அவரும் சிரிப்பார். ஆனால் அத்தைக்கு ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. மாமா வெளியே போய்விட்டு வந்தால் வாசலுக்கே போய்ப் பையை வாங்கிக்கொள்வார். பையை வாங்கும் சாக்கில் ஒரு நொடி கிட்டத்தில் நிற்பார். மூச்சை முகர்ந்து பார்க்கத்தான். இருபது வருஷமாக மாமாவும் அது தெரியாதவர் போலவே பையை நீட்டிக்கொண்டிருந்தார்.

2023 ஜனவரியில், நீர்ப்பனி கொட்டிய ஒரு ராத்திரி, அவருக்கு மேல்வயிற்றில் வலி எடுத்தது. வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிறது என்றார். படுக்க முடியவில்லை, தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்குகிறது. அத்தை ஓமத்தண்ணி வைத்தார், பிறகு சுக்குக் கஷாயம். "கேஸ்தான், காலையில சரியாப் போயிரும்." கேஸ் என்கிற அந்தச் சொல்லை நம் வீடுகளில் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று பின்னால் யோசித்திருக்கிறேன். நெஞ்சு வலித்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், தலை சுற்றினாலும் கேஸ். கடைசியில் பார்த்தால் மாமா விஷயத்தில் உண்மையிலேயே ஒரு கேஸ் இருந்தது, ஆனால் அது செய்த வேலை வேறு.

காலையில் குன்னூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தில் லைபேஸ் என்கிற கணைய நொதி 1,640. அது வழக்கமான உச்ச அளவைப்போல மூன்று மடங்கு தாண்டினாலே கணைய அழற்சி என்று எடுத்துக்கொள்வார்களாம், இது அதற்கும் எவ்வளவோ மேலே. பணியிலிருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, குடிப்பீங்களா?"

"விட்டு இருபது வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

"சுத்தமா விட்டாச்சா? எப்பவாவது, கல்யாணம் காட்சின்னு..."

"இல்லீங்க."

டாக்டர் அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த அரை நிமிஷத்தில் மாமா மூன்று பேர் முகத்தையும் பார்த்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

டாக்டரைக் குறை சொல்ல முடியாது. கணைய அழற்சிக்கு உலகம் முழுக்கவே முதல் இரண்டு காரணங்கள் பித்தக்கல், குடி. ஸ்கேனில் கல் இல்லை என்றால் அடுத்ததைக் கேட்கத்தானே வேண்டும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் அவர் எழுதியதும் நியாயமாகவே இருக்கிறது: "அக்யூட் பேன்கிரியாடைட்டிஸ், ? எத்தனால்." கணைய அழற்சி, காரணம் குடியோ என்று. சந்தேகம் இருக்கும் இடத்தில் டாக்டர்கள் சொல்லுக்கு முன்னால் இப்படி ஒரு கேள்விக்குறியைப் போடுவார்கள். நாங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தபோது கேள்விக்குறி எங்கோ வழியில் விழுந்துவிட்டது, எத்தனால் மட்டும் வந்து சேர்ந்தது.

### சாக்குப் பை

ஜூனில், மழை பிடித்த பிறகு, இரண்டாவது முறை வந்தது. அதே வலி, அதே குனிந்த உட்கார்ச்சி. இந்த முறை சி.டி. எடுத்தார்கள். கணையம் வீங்கியிருக்கிறது, கல் எதுவும் காணோம். கொலஸ்ட்ராலால் ஆன பித்தக்கல் சி.டி.யில் பித்தநீரின் சாயலிலேயே கலந்து நிற்கும், பல சமயம் கண்ணுக்கே படாது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இரண்டு ஸ்கேன், ஒரு ரிவ்யூ ஸ்கேன், ஒரு சி.டி., எதிலும் கல் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது?

அத்தை என்னைச் சமையல்கட்டுக்கு அழைத்து, குரலைத் தாழ்த்தி, "கண்ணு, ஃபேக்டரி விட்டப்புறம் பகல்பூரா எங்கியோ போறாரு. கொல்லையில ஒருக்காப் பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு சாக்குப் பை. நிறையக் காலி பாட்டில். குவாட்டர், ஆஃப், எல்லாம்.

நீலகிரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2022 மே மாதத்திலிருந்து எங்கள் மாவட்டத்தில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தருகிறார்கள். டூரிஸ்ட்டுகள் தேயிலைக்குள் வீசிவிட்டுப் போகும் பாட்டில் உடைந்து காட்டெருமை காலையும் யானைக் காலையும் கிழிக்கிறது என்று கோர்ட் வரை போய் வந்த ஏற்பாடு. கொழுந்து பறிக்கும் பெண்கள்கூட வரப்பில் கிடந்தால் எடுத்து வைப்பார்கள். ரிட்டயர் ஆன மாமா காலையில் நடக்கப் போகும்போது சாலையோரம் பொறுக்கி வருகிறார் என்று நான் நினைத்திருக்கலாம். அவரே அப்படித்தான் சொன்னார். "ஒரு வாரத்துக்கு முப்பது நாப்பது தேறுது மாப்ள. சும்மா இருக்கற நேரத்துக்கு..." நான் தலையாட்டினேன். என் தலை ஆடிய விதத்தைப் பார்த்து அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. சாக்குப் பையையும் காணோம்.

அந்த ஆறு மாதத்தில் வீட்டில் நடந்ததை விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஓசூரிலிருந்து மகள் போன் போட்டு அழுதாள், மச்சான் ஒருவர் கோவையில் ஒரு மறுவாழ்வு மையத்தின் நம்பரை அனுப்பினார், பக்கத்து வீட்டுக்காரர் கறிவேப்பிலைக் கஷாயம் கல்லீரலுக்கு நல்லது என்றார். மாமா முதல் மாதம் மறுத்தார். இரண்டாவது மாதம் கோபப்பட்டார். அப்புறம் பேசுவதையே குறைத்துக்கொண்டார், கேட்டால் "ஆமா குடிச்சேன், இப்ப என்ன?" என்று ஒரு நாள் சொல்லியும் விட்டார். "பாத்தியா, ஒத்துக்கிட்டாரு" என்றார் அத்தை.

### பிரிஸ்கிரிப்ஷனின் பின்பக்கம்

இரண்டாவது அட்டாக்குக்குப் பிறகு கோவையில் ஒரு குடல் நோய் நிபுணரிடம் போனோம். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். மற்ற டாக்டர்கள் 'இம்ப்ரெஷன்' பார்ப்பார்கள், இவர் மஞ்சள் பையில் இருந்த எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி மேலிருந்து கீழ்வரை படித்தார். அப்படியே பத்து நிமிஷம். பிறகு ஜனவரி மாத இரத்தப் பரிசோதனையை என் பக்கம் திருப்பி, "இத யாரும் பாக்கலையா?" என்றார். வலி வந்த மறுநாள் எடுத்தது. கல்லீரல் நொதிகள் இரண்டு: எஸ்.ஜி.பி.டி. 248, எஸ்.ஜி.ஓ.டி. 190. "லிவர் கெட்டுப்போயிருக்குன்னு சொன்னாங்க டாக்டர், குடியால" என்றேன். அவர் சொன்னார்: குடியால் வரும் கல்லீரல் கோளாறில் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி.தான் தூக்கலாக இருக்கும், இங்கே தலைகீழ். கணைய அழற்சி வந்த முதல் ஓரிரு நாளில் எஸ்.ஜி.பி.டி. 150-ஐத் தாண்டினால் பித்தக்கல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது அடுத்த வாரம் இறங்கியும் விட்டிருக்கிறது. ஏதோ ஒன்று வழியை அடைத்து, பிறகு விலகியிருக்கிறது.

அப்புறம் அந்த வரியை விரலால் தொட்டார். "மூணுலயும் இதேதான். கீழ்முனை தெரியலன்னு எழுதியிருக்காங்க. கல்லு இல்லன்னு எழுதல."

வகுப்பில் பையன்களுக்கு 'நாட் சீன்' என்பதற்கும் 'நாட் தேர்' என்பதற்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுப்பவன் நான். காது சூடானது.

பிரிஸ்கிரிப்ஷனைத் திருப்பிப் படம் போட்டார். முன்னால் வயிற்றுத் தோல், கொழுப்பு, பிறகு இரைப்பை, குடல். எல்லாவற்றுக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கணையம். வெளியிலிருந்து ஸ்கேன் கருவியை வைத்தால் ஒலி அலை இத்தனையும் கடந்து போய் மோதித் திரும்ப வேண்டும். நடுவில் காற்று இருந்தால் கதை முடிந்தது. ஒலி காற்றில் பட்டுத் திரும்பிவிடும், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வயிற்றின்மேல் ஜெல் தடவுவதே கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நிற்கக்கூடாது என்பதற்குத்தான். ஆனால் குடலுக்குள் இருக்கும் காற்றை என்ன செய்வது? அதனால் இ.யு.எஸ்., அதாவது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், செய்வோம் என்றார். எண்டோஸ்கோபி மாதிரி வாய் வழியாகப் போகும் குழாய்தான், அதன் நுனியில் கேமராவோடு ஒரு குட்டி ஸ்கேன் கருவியும் இருக்கும். இரைப்பைக்குள்ளும் முன்சிறுகுடலுக்குள்ளும் கொண்டுபோய், சுவரை ஒட்டி வைத்துப் பார்ப்பது. அங்கிருந்து கணையம் சில மில்லிமீட்டர் தூரம். முன்சிறுகுடலில் வைத்தால் பித்தநாளம் கூப்பிடு தூரம்கூட இல்லை, தொடு தூரம். கிட்டே போய்விட்டதால் அதிக அதிர்வெண்ணில் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில் பார்ப்பதை இங்கே 7.5, 10, 12 என்று ஏற்றலாம். அதிர்வெண் ஏற ஏற ஆழம் போகாது, நுணுக்கம் கூடும். தூரமே இல்லாத இடத்தில் ஆழம் எதற்கு?

அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மாமா, "காதக் கொண்டுபோய் பேரிங்கு மேலயே வெக்கறீங்க" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. மாமா விளக்கினார். ரோலர் ஓடும்போது எந்த பேரிங் போகப்போகிறது என்று எட்ட நின்று கேட்டால் தெரியாது, ஃபேக்டரி இரைச்சலில் எல்லாம் ஒரே சத்தம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பேரிங் கூட்டின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டால், உள்ளே ஒரே ஒரு குண்டு நசுங்கியிருந்தாலும் தனியாகக் கேட்கும். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். ஆறு மாதத்தில் மாமா சொன்ன ஒன்றை ஒருவர் முழுசாகக் கேட்டது அன்றுதான்.

இந்த இ.யு.எஸ். முறை 1980 வாக்கிலேயே வந்துவிட்டது. காற்று மறைக்கும் கணையத்தைப் பார்க்க வேண்டும் என்கிற ஏக்கத்தில்தான் அப்போது எண்டோஸ்கோப்பின் நுனியில் ஸ்கேன் கருவியைக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். நுனியைச் சுற்றி வட்டமாகப் படம் காட்டும் ரேடியல் வகை முதலில், குழாயின் போக்கிலேயே நெடுக்காகக் காட்டும் லீனியர் வகை பிறகு. லீனியரில் ஊசி போகும் வழி முழுக்கத் திரையில் தெரியும், அதனால் 1990-களின் தொடக்கத்திலிருந்து பார்ப்பதோடு நிற்காமல் ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுக்கவும் ஆரம்பித்தார்கள். பித்தநாளத்தையும் கணையநாளத்தையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனான எம்.ஆர்.சி.பி. எடுத்தால் போதாதா என்று நான் கேட்டேன், அதில் வலியும் இல்லை, குழாயும் இல்லை. எடுக்கலாம், ஆனால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சின்னக் கல்லை அது பல சமயம் தவறவிடும் என்றார். நேராக இ.ஆர்.சி.பி. செய்து, அதாவது எண்டோஸ்கோப் வழியாகவே உள்ளே போய், நாளத்தைத் திறந்து பார்த்துவிட்டால்? அதுவே சிலருக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும், இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் அதைச் செய்யக்கூடாது என்றார்.

உடனே செய்யவும் முடியாது. கணையம் வீங்கியிருக்கும்போது எல்லாம் ஒரே கலங்கலாகத் தெரியும், ஆறு வாரம் போகட்டும் என்று அனுப்பினார். எண்ணெய் இல்லாத ரசம் சாதம். ஆறு வாரம்.

### மூன்று மில்லி

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. வெறும் வயிற்றோடு எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் மூன்றரைக்கே கிளம்பினோம். பலாப்பழ சீசன், பர்லியாறு பக்கம் யானை ரோட்டில் நின்றால் எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. நல்லவேளை, அன்று நிற்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் அத்தை முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். மாமா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்து பெஞ்சில் கூடலூரிலிருந்து வந்த ஒரு அம்மா, மகனோடு. அவருக்குக் கணையத்தின் பக்கத்தில் கட்டி என்று சி.டி.யில் வந்து, புற்றுநோய் என்றே முடிவு கட்டி, நிலத்தை விற்பதுவரை பேசிவிட்டார்களாம். இதே குழாயைப் போட்டு, இரைப்பைச் சுவர் வழியாக ஊசியை விட்டு எடுத்துப் பார்த்ததில் அது காசநோய் வந்து வீங்கிய நெறிக்கட்டி. ஆறு மாத மாத்திரை, அதுவும் அரசு தருவது. ரிவ்யூவுக்கு வந்திருந்தார். "டி.பி.ன்னு சொன்னதும் எங்கம்மா சாமி கும்பிட்டாங்கண்ணா" என்றான் பையன். டி.பி. என்றதற்கு சாமி கும்பிட்ட வீடு! நம் ஊரில் கட்டி என்று படத்தில் வந்தாலே புற்று என்று எடுத்துக்கொள்கிறோம், கணையம் என்றால் குடி என்று எடுத்துக்கொண்ட மாதிரி.

மாமாவை இடது பக்கமாகப் படுக்கவைத்து, மயக்க மருந்து கொடுத்து, கதவைச் சாத்தினார்கள். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சாதாரண எண்டோஸ்கோபிக் குழாயைவிட இது தடிமன், நுனியும் விறைப்பு என்பதால் விழித்திருக்கும் ஆளுக்குச் செய்வது கஷ்டம். கருவி இருந்தால் மட்டும் போதாது, கறுப்பும் வெளுப்புமான அந்தப் புகைமூட்டத்தில் எது நாளம், எது இரத்தக்குழாய் என்று தெரிய வருஷக்கணக்கில் கண் பழகியிருக்க வேண்டும் என்று செவிலியர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். மாமா மயக்கம் தெளியாமல் பக்கத்து அறையில். திரையில் உறையவைத்த படம். சாம்பல் நிறத்தில் கோடு கோடாக. இது முன்சிறுகுடலின் சுவர், அஞ்சு அடுக்கு தெரியுது பாருங்க என்றார். வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு. சாதாரண எண்டோஸ்கோபி சுவரில் அடித்த சுண்ணாம்பை மட்டும் பார்க்கும், இது சுவருக்குள்ளே எந்த அடுக்கிலிருந்து கட்டி கிளம்புகிறது என்றுகூடச் சொல்லும். அதற்குக் கீழே ஒரு கறுப்புக் குழாய், பித்தநாளம். அதன் கடைசியில், குடலுக்குள் திறக்கிற இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளிக்குப் பின்னால் நிழல், டார்ச் வெளிச்சத்தில் ஆள் நின்றால் விழுமே அதுபோல. "நிழல் விழுந்தா கல்லு. மூணு மில்லிமீட்டர்." பித்தப்பைக்குள்ளும் கசண்டு மாதிரி அடியில் தேங்கி, மேலே பொடிப்பொடியாக மிதந்துகொண்டிருந்தது. பித்தநாளமும் கணையநாளமும் பெரும்பாலும் ஒரே வாசலில்தான் குடலுக்குள் திறக்கின்றன, கல் அந்த வாசலில் வந்து நின்றால் கணையத்தின் நீரும் உள்ளேயே தேங்கி, உணவைச் செரிக்க வேண்டியது கணையத்தையே செரிக்க ஆரம்பிக்கிறது என்றார். பெரிய கல் பித்தப்பையிலேயே கிடந்துவிடும். இப்படி உருண்டு வந்து வாசலை அடைப்பது சின்னதுதான்.

அத்தை கேட்டார்: "அப்ப... குடி இல்லீங்களா டாக்டர்?"

"இல்லம்மா. பித்தக்கல். முதல்லேர்ந்தே இதாத்தான் இருக்கணும்."

அத்தை அழுவார் என்று எதிர்பார்த்தேன், அல்லது முருகா என்பார் என்று. இரண்டும் இல்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். நர்ஸ் வந்து, "ஐயா முழிச்சிட்டாரு, ஒருத்தர் போய்ப் பாக்கலாம்" என்றபோது எழுந்திருக்கவில்லை. "நீ போ கண்ணு" என்றார். முகம் கோபமாக இருந்தது. யார் மேல் என்று அப்போதும் கேட்கத் துணியவில்லை, இப்போதும் கேட்டதில்லை. 2001-க்கு முன்னால் அவர் பட்டதெல்லாம் எனக்கு முழுசாகத் தெரியாது. ஆறு மாதம் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட வேண்டியவர் அவர் மட்டுமா என்ன? எல்லோரும் சந்தேகப்பட்டோம், ஆனால் ராத்திரி அந்த மனுஷன் பக்கத்தில் படுத்துக்கொண்டு சந்தேகப்பட்டது அவர் ஒருவர்தான்.

நான் உள்ளே போனேன். மாமாவுக்கு நாக்குக் குழறியது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பெருசு?"

"மூணு மில்லி மாமா."

"மூணு மில்லி" என்றார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து நடுவில் ஒரு இடைவெளி வைத்துக் காட்டினார். 34 வருஷ ஃபிட்டர் கை, மயக்கத்திலும் சரியாக மூன்று மில்லிதான் இருந்திருக்கும். பிறகு, "அத்த எங்க?" என்று கேட்டார். வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றேன். "சரி, உக்காரட்டும்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியது, வார்த்தையும் தயாராக இருந்தது. அந்தச் சமயம் டிராலி வந்துவிட்டது. அன்று மதியமே இ.ஆர்.சி.பி. மூலம் நாளத்தின் வாயைக் கொஞ்சம் திறந்து கல்லை எடுத்தார்கள், செப்டம்பரில் லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை எடுத்தார்கள். காப்பீட்டில் பாதி போனது, மீதி மாமாவின் பி.எஃப். அதற்குப் பிறகு வலி வரவில்லை.

### பையில் இன்னும் ஒன்று

இதை நான் சொல்லக் கேட்ட சிலர் வயிறு வலித்ததும் "அந்த உள்ளே போற ஸ்கேன் எடுத்துரலாமா" என்று எனக்குப் போன் போடுகிறார்கள். வேண்டாம் என்பேன். அது எல்லா வயிற்று வலிக்கும் ஆனதில்லை. மயக்க மருந்து வேண்டும், அரிதாக என்றாலும் குடலில் துளை விழும் ஆபத்து உண்டு, செலவும் கொஞ்சமில்லை, மலையிலிருந்து இறங்கித்தான் செய்தோம். மாமாவுக்கேகூட முதல் நாளே அதைச் செய்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என்னைக் குடைவது கருவி வராமல் போனது இல்லை. காகிதத்தில் 'தெரியவில்லை' என்று ஒருவர் எழுதிக் கொடுத்த இடத்தில், எங்களுக்குத் தெரிந்த மாமாவை, இருபது வருஷத்துக்கு முந்தைய மாமாவை, எடுத்து ஒட்டிவிட்டோமே, அதுதான். அந்த ஸ்கேன் சென்டர்க்காரர் யாரென்று தெரியாது. அந்த ஆறு மாதத்தில் மாமாவைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்லாத ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

போன மாதம் சேலாஸ் போயிருந்தேன். சாக்குப் பை மறுபடி வந்துவிட்டது, இப்போது வாசல் திண்ணையிலேயே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அத்தையே பாட்டிலைக் கழுவி அடுக்கித் தருகிறார். அந்தக் காசில் ஒரு பிளாஸ்க் வாங்கியிருக்கிறார்கள், அதில்தான் எனக்கு டீ வந்தது. சாயங்காலம் மாமா நடந்துவிட்டு வந்தார், தோளில் துணிப்பை, உள்ளே பாட்டில்கள் கிலுகிலுவென்று. அத்தை எழுந்து வாசலுக்குப் போனார். பையை வாங்கக் கை நீட்டினார். பழக்கம், உடம்பு ஒரு அடி முன்னால் சாய்ந்தது. மாமா பையைக் கொடுக்காமல் அப்படியே நின்றார்.

"ஊதிக் காட்டட்டுமா?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். முதுகு என் பக்கம் இருந்தது.

அத்தை ஒன்றும் சொல்லாமல் பையைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தமும் ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்து வைக்கும் சத்தமும் கேட்டன.